மாஸ்க் எண்ணப் போனவர்

தங்கப்பாண்டியன் இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் பீரங்கிப் படையில் இருந்தவர். பனிமலையில் நின்றிருக்கிறார், பாலைவனத்தில் படுத்திருக்கிறார், முப்பது ஜவான்களை ஒரே அதட்டலில் எழுப்பி ஓடவிட்டிருக்கிறார். அப்பேர்ப்பட்ட மனிதரால் தன் பெண்டாட்டி வெள்ளத்தாயின் மூக்குக்கு மேலே ஒரு சாண் துணியைக் கட்டவைக்க முடியவில்லை. கெஞ்சினார், மிரட்டினார், இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தார். மூன்றாம் நாள் அவள் அயிரை மீன் குழம்பு வைத்து அந்தப் போராட்டத்தை முடித்துவைத்தாள்.

இருவருக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. ராஜபாளையத்துக்கு வெளியே, காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிற தறி ஷெட். அவர் பட்டாளத்தில் இருந்த காலத்திலேயே அவள் அங்கே தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஹவில்தாராக ஓய்வுபெற்று வந்து, அதே ஷெட்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. தினமும் காலையில் மம்சாபுரத்திலிருந்து ஒரே வண்டியில் இருவரும் வருவார்கள். கேட் வரைக்கும் அவர் புருஷன், கேட்டைத் தாண்டினால் சூப்பர்வைசர். வெள்ளத்தாய்க்கு அந்த வித்தியாசம் ஒருநாளும் பிடிபட்டதில்லை. இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் திட்டினாள்.

பிரச்சினை அவளுடைய இருமலில் ஆரம்பித்தது. தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் ஒரு குழாயில் அவளை ஊதச் சொல்லிப் பார்த்தார்கள். பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் படிந்திருக்கிறது என்றார் டாக்டர். வேலையை விட வேண்டும், அல்லது ஷெட்டுக்குள் இருக்கிற எட்டு மணி நேரமும் மாஸ்க் போட்டே ஆக வேண்டும். இப்போது போட்டால் வியாதி இந்த அளவோடு நிற்கும், விட்டால் நிற்காது என்று சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். வேலையை விட மாட்டேன் என்று அவள் அங்கேயே சொல்லிவிட்டாள். மாஸ்க்குக்கு மட்டும் தலையை ஆட்டினாள். ஆட்டின தலை ஷெட்டுக்குள் வந்ததும் நின்றுவிட்டது.

"மூச்சு முட்டுது" என்பாள். "வேர்க்குது" என்பாள். "மூஞ்சில அரிக்குது" என்பாள். ஒரு வாரம் சொன்ன காரணம் மறுவாரம் இருக்காது. தங்கப்பாண்டியனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் இரண்டும் கட்டிக்கொடுத்துப் போய்விட்ட வீட்டில் இனி மிச்ச காலத்துக்கு அவளை விட்டால் அவருக்கு யார்?

அவரைப் பற்றியும் ஒரு ரகசியத்தைச் சொல்லிவிட வேண்டும். பீரங்கிச் சத்தத்தில் அவருடைய காது பாதிக்கு மேலேயே போய்விட்டது. இது தனக்குத் தெரியும், வெள்ளத்தாய்க்குத் தெரியும், மூன்றாவதாக ஒரு குருவிக்கும் தெரியாது என்பது அவர் எண்ணம். காது மந்தமான ஆளை எந்த முதலாளி சூப்பர்வைசராக வைத்துக்கொள்வார்? ஆனால் தறி ஷெட் அவருக்கென்றே கட்டினது போல அமைந்திருந்தது. இருபத்து நாலு தறியும் ஒரே நேரத்தில் ஓடும்போது அங்கே பாம்புக் காதுக்காரனுக்கும் ஒன்றும் கேட்காது. பெண்கள் பன்னிரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு, சத்தமே போடாமல், வாயை மட்டும் நன்றாக அசைத்துப் பேசிக்கொள்வார்கள். சம்பந்தம் பேசுவது, சண்டை போடுவது, குழம்புக்குப் பக்குவம் சொல்வது எல்லாம் அப்படித்தான். வாயசைவைப் படிப்பதில் தங்கப்பாண்டியனை மிஞ்ச ஆள் கிடையாது. நாலு தறிக்கு அப்பால் ஒருத்தி மாமியாரை வைவதை அட்சரம் பிசகாமல் சொல்லிவிடுவார். அந்தச் சத்தத்துக்குள் எல்லோரும் அவர் மாதிரிதான், அவர் எல்லோரையும் விட ஒரு படி மேல். அதனால் உலகத்திலேயே அவருக்கு மிகவும் பிடித்த இடம் அந்த ஷெட்.

இந்த நிலையில்தான் அல்ஃபியா வந்து சேர்ந்தாள்.

ஷெட்டுக்கு நூல் கோன் கொண்டுவந்து போடுகிற பக்கீர் முகமதுவின் மகள். ராஜபாளையத்துப் பெண். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் உளவியலில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். அவளுடைய ஆராய்ச்சி விசித்திரமானது. சுவரில் ஒரு ஜோடிக் கண் படத்தை ஒட்டிவைத்தால், யாரோ பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் மனுஷர்கள் ஒழுங்காக நடந்துகொள்வார்களா என்பது கேள்வி. கல்லூரி விடுதியில் சாப்பாட்டுத் தட்டைக் கழுவாமல் போட்டுவிட்டுப் போகிற பெண்களிடம் சோதித்துப் பார்த்தாள். ஒரு வாரம் பூப் படம், ஒரு வாரம் கண் படம் என்று மாற்றி மாற்றி ஒட்டினாள். கண் படம் இருந்த வாரங்களில் தட்டெல்லாம் பளிச்சென்று கழுவி அடுக்கியிருந்தது. இருநூறு பெண்கள், ஆறு வாரம், பிசிறில்லாத முடிவு.

"நல்லா இருக்கும்மா" என்றார் அவளுக்கு வழிகாட்டுகிற பேராசிரியர் சேதுபதி. "ஆனா இது விடுதிப் பொண்ணுங்களைப் பத்தின உண்மை. நீ 'மனிதர்கள்'னு எழுதியிருக்க. இருபது வயசுல, தட்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிற பொண்ணுங்கதான் மனிதர்களா? வெளிய ஒரு இடத்துல, வேற ஆட்கள்கிட்ட இது நிக்குதான்னு காட்டு. இல்லைன்னா அந்த வார்த்தையை அடிச்சிடு."

அந்த வார்த்தையை அடிக்க அல்ஃபியாவுக்கு மனசில்லை. அத்தா பக்கீர் முகமது மூலமாக முதலாளியிடம் அனுமதி வாங்கினாள். வேலையிடத்தைப் பற்றிய ஆராய்ச்சி என்று எல்லாப் பெண்களிடமும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டாள். எதை எண்ணப்போகிறாள் என்பதை மட்டும் சூப்பர்வைசரிடம் தனியாகச் சொன்னாள். எத்தனை பேர் மாஸ்க் போட்டிருக்கிறார்கள் என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான்.

தங்கப்பாண்டியன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "படத்த ஒட்டுனா போட்டுருவாளுகளா பாப்பா?"

"எங்க விடுதில கேட்டாங்க அண்ணாச்சி. இங்க கேப்பாங்களான்னுதான் பாக்கணும்."

"கேக்கணும்" என்றார் அவர். அந்தக் 'கேக்கணும்' ஆராய்ச்சிக்காகச் சொன்னது இல்லை. இருபத்து மூன்று பேர் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, ஒன்பதாம் தறிக்காரி வெள்ளத்தாய் ஒருத்தி கேட்டால் போதும் என்று அவர் மனசுக்குள் சாமி கும்பிட்டுக்கொண்டார்.

"நீங்கதான் எண்ணணும்" என்றாள் அல்ஃபியா. "நான் வந்து நின்னா, புதுசா ஒருத்தி பாக்குறான்னு எல்லாரும் நடிக்க ஆரம்பிச்சிருவாங்க. நீங்க தினம் அந்த வழியா நடக்குறவங்க. ஒங்களப் பாத்து யாரும் எதையும் மாத்திக்க மாட்டாங்க."

படித்த பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஷிப்டுக்கு மூன்று தடவை, கையில் ஒரு அட்டையும் பேனாவுமாக, முதல் தறியிலிருந்து கடைசித் தறி வரைக்கும் அணிவகுப்பு நடை நடந்து தங்கப்பாண்டியன் எண்ணினார். முதல் வாரம் சுவரில் செம்பருத்திப் பூப் படம். இருபத்து நாலு பேரில் ஒன்பது பேர், சில நேரம் பத்துப் பேர் மாஸ்க்கோடு இருந்தார்கள். வெள்ளத்தாய் இல்லை. எதிர்பார்த்ததுதான் என்று எழுதிக்கொண்டார்.

இரண்டாம் வாரம் திங்கட்கிழமை காலையில் அல்ஃபியா கண் படத்தை ஒட்டினாள். ஒரு கதவு அகலத்துக்கு இரண்டு கண்கள். இமைக்காமல், முறைத்துக்கொண்டு, எங்கே நின்றாலும் நம்மையே பார்க்கிற கண்கள். தங்கப்பாண்டியனுக்கே லேசாக உதறல் எடுத்தது. இன்றைக்கு இருக்கு வெள்ளத்தாய்க்கு என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

பத்து மணி டீ இடைவேளையில் முனீஸ்வரி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். முதல் தறிக்காரி, ஷெட்டின் வாய்க்கொழுப்புக்கு மொத்தக் குத்தகைதாரி. செத்த நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மொதலாளிக்கு இப்பத்தான் புத்தி வந்துருக்கு. போன மாசம் நூல் சுத்துன பீமு விழுந்து ஒருத்திக்கு காலு நசுங்குச்சே, அப்பமே நான் சொன்னேன், ஷெட்டுக்கு திருஷ்டின்னு. புதுத் தறி வாங்கிப் போட்டா ஊரு கண்ணு சும்மாவா இருக்கும்?"

மத்தியானத்துக்குள் படத்தின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் ஏறிவிட்டன. மறுநாள் ஒருத்தி எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கொண்டுவந்து தொங்கவிட்டாள். புதன்கிழமை கறுப்புக் கயிற்றில் ஒரு படிகாரக் கல்லும் சேர்ந்தது. வேலை ஆரம்பிக்கும் முன்னால் எல்லோரும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தறிக்குப் போனார்கள்.

அல்ஃபியா வியாழக்கிழமை வந்து பார்த்தாள். "அக்கா, அந்தக் கண்ணு உங்களப் பாக்குற மாதிரி இல்லையா?" என்று முனீஸ்வரியிடம் கேட்டாள்.

"நம்மள ஏன் பாக்குது?" என்றாள் முனீஸ்வரி, இதுகூடத் தெரியாமல் என்ன படிப்பு என்கிற தோரணையில். "நம்மளக் கண்ணு போடுதவள அது பாக்குது. நமக்குக் காவலு."

விடுதிப் பெண்களுக்கு வார்டனாக இருந்த கண், ஷெட்டுக்கு வந்ததும் காவல் தெய்வமாகிவிட்டது. காவல் தெய்வம் இருக்கிற இடத்தில் மாஸ்க் எதற்கு? அந்த வாரம் தங்கப்பாண்டியனின் அட்டையில் எண்ணிக்கை ஏழு, ஆறு, ஆறு என்று இறங்கியது. அதுவரைக்கும் தூசி பறக்கும்போது முந்தானையையாவது வாயில் வைத்துக்கொண்டிருந்த வெள்ளத்தாய் அதையும் விட்டுவிட்டாள். எண்ணி முடித்து அறைக்கு வந்தவர் அட்டையை மேஜையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஆறை ஏழாக எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தார். எழுதினால் அட்டையில் மாஸ்க் ஏறும், அவள் மூக்கில் ஏறாதே. ஆறு என்றே எழுதினார்.

அல்ஃபியா அந்த எண்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை அவள் ஷெட்டுக்குள் இறங்காமல், மேலே இருக்கிற கண்ணாடி அறைக்கு நேராகப் போய், அங்கிருந்து தானே எண்ணினாள். கீழே வந்தபோது முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"அண்ணாச்சி, நீங்க பத்தரைக்கு எத்தன எண்ணுனீங்க?"

"ஆறு."

"நான் பத்தேகாலுக்கு மேல இருந்து எண்ணுனேன். பதினாறு."

தங்கப்பாண்டியனுக்குச் சுருக்கென்றது. பீரங்கிக் குண்டுகளை எண்ணி வாங்கி எண்ணி ஒப்படைத்தவர். ஒரு குண்டு குறைந்தாலும் விசாரணை. "பாப்பா, எனக்கு எண்ணத் தெரியாதுங்கியா?"

"அய்யோ, அப்படி இல்ல. கால் மணி நேரத்துல பத்துப் பேர் ஏன் கழட்டுறாங்கன்னுதான் எனக்குப் புரியல."

பெண்களிடம் கேட்டுக்கொண்டுதான், சனிக்கிழமை அவள் அதே கண்ணாடி அறையிலிருந்து போனில் படம் பிடித்தாள். மத்தியானம் முழுவதும் சாப்பாட்டு இடத்தில் அவர்களோடு உட்கார்ந்து என்னவோ பேசினாள். ஷிப்ட் முடிகிற நேரத்தில் தங்கப்பாண்டியனைக் கூப்பிட்டு, போனை அவர் கையில் கொடுத்தாள்.

அவர் முதலில் ஷெட்டைப் பார்த்தார். நீளமான நடைவழி, இருபுறமும் தறிகள். முக்கால்வாசிப் பெண்களின் மூக்கும் வாயும் வெள்ளைத் துணிக்குள் இருந்தன. நடைவழியின் தொடக்கத்தில் ஒரு மீசைக்கார மனிதர் அட்டையும் கையுமாக வந்தார். நடை நன்றாகத்தான் இருக்கிறது என்று தங்கப்பாண்டியன் நினைத்துக்கொண்டார். அந்த மனிதர் முதல் தறியை நெருங்கினார். முனீஸ்வரி மாஸ்க்கை நாடிக்குக் கீழே இழுத்துவிட்டு, முகம் முழுக்க அசைய ஏதோ சொன்னாள். மனிதர் தலையாட்டிவிட்டுக் கடந்தார். முனீஸ்வரி மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டாள். இரண்டாம் தறிக்காரியும் இறக்கினாள், சிரித்தாள், ஏற்றினாள். மூன்றாம் தறி, நாலாம் தறி. அவர் நடக்க நடக்க முன்னால் மாஸ்க்குகள் இறங்கிக்கொண்டே வந்தன, அவர் கடந்ததும் பின்னால் ஏறிக்கொண்டே வந்தன. பட்டாளத்து நடைக்காரர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"திமிரப் பாத்தியா!" என்று பொங்கினார் தங்கப்பாண்டியன். "சூப்பர்வைசரக் கண்டா போடுவாளுகன்னு பாத்தா, கண்டதும் கழட்டுதாளுக!"

"திமிரு இல்ல அண்ணாச்சி. இன்னும் கொஞ்சம் பாருங்க."

நடைவழி திரும்புகிற முனையில் ஒன்பதாம் தறி. அங்கே வெள்ளத்தாய் நின்றாள். அவள் முகத்தில் மாஸ்க் இல்லை, நாடியிலும் இல்லை. கை தறியில் இருந்தது, கண் தறியில் இல்லை. அந்த மீசைக்காரர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் தலையும் கூடவே திரும்பியது. அவருக்குப் பின்னால் ட்ராலிக்காரப் பையன் பொன்னுராஜ் ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பாவு சுற்றின பீம் இரண்டு, ஆளை மறைக்கிற உயரத்துக்கு. அவன் வாயைத் திறந்து கத்துவது தெரிந்தது. மீசைக்காரர் அசையவில்லை. வெள்ளத்தாய் கையை வீசி, வாயை அகலமாகத் திறந்து 'தள்ளுங்க' என்றாள். மீசைக்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சாவகாசமாக ஒரு அடி ஒதுங்கி நின்றார். ட்ராலி அவர் சட்டையை உரசிக்கொண்டு போனது.

தங்கப்பாண்டியன் அதை மூன்று தடவை போட்டுப் பார்த்தார். ட்ராலி வருகிறபோதெல்லாம் தான் சரியான நேரத்தில் ஒதுங்குவது பட்டாளத்துப் பயிற்சி, தனக்கு முதுகிலும் கண் உண்டு என்று ஆறு வருஷமாகப் பெருமை பேசிவந்தவர் அவர்.

"ஏன் இறக்குதாளுக?" என்று கேட்டார். குரலில் இப்போது சூப்பர்வைசர் இல்லை.

அல்ஃபியா தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கிட்ட நம்பிச் சொன்னத நான் வெளிய சொல்லக் கூடாது அண்ணாச்சி. வீட்ல மதினிகிட்ட கேளுங்க."

இருவரும் வீடு வந்து சேர்ந்தார்கள். வெள்ளத்தாய் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரையை உருவ ஆரம்பித்ததும், எதிரே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏட்டி, எனக்குக் காது கேக்காதுன்னு ஷெட்டு முழுக்கச் சொல்லிட்டியா?"

"நான் ஒருத்திகிட்டயும் சொல்லல." அவள் நிமிர்ந்து, அவருக்குத் தெரிகிற மாதிரி முகத்தைக் காட்டிச் சொன்னாள். "அவளுகளுக்கு என்ன கண்ணு இல்லயா? மாஸ்க்கோட பேசுனா நீங்க பேந்தப் பேந்த முழிக்கீக. இறக்கிட்டுப் பேசுனா பதில் சொல்லுதீக. இதுல சொல்லுததுக்கு என்ன இருக்கு?"

"அப்ப நான் வந்ததுனாலதான் கழட்டுதாளுகளா?"

"சூப்பர்வைசர் கேக்காம முழிச்சுக்கிட்டு நின்னா அவருக்கு அசிங்கமா இருக்கும்னு அவளுகளா செய்யுததுதான். நீங்க போனதும் ஏத்திக்கிடுதாளுகள்ல."

"நீ ஏன் ஏத்தல?"

வெள்ளத்தாய் கீரையைப் பார்த்தாள். "அவளுகளுக்கு நீங்க முன்னால நிக்கிற நேரத்துக்கு மட்டும் எறக்குனா போதும். எனக்கு அப்படியா? ட்ராலி எப்ப வரும்னு சொல்லிக்கிட்டா வருது? நான் மாஸ்க்க இறக்குததுக்குள்ள அது ஒங்க மேல ஏறிரும்."

தங்கப்பாண்டியனால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து தொட்டிப் பக்கம் போய், கழுவின முகத்தையே திரும்பத் திரும்பக் கழுவினார். மூன்று மாதமாக இவளுடைய பிடிவாதம், பிடிவாதம் என்று ஊரெல்லாம் புலம்பியிருக்கிறார். அவள் நெஞ்சுக்குள் பஞ்சு இறங்கினதற்கு வழிவிட்டது தான்தான் என்பது அவரைப் போட்டு உலுக்கியது. அவ்வளவு பெரிய மனுஷனாக இருந்து என்ன பிரயோசனம் என்று தன்னையே வைதுகொண்டார்.

திங்கட்கிழமை மத்தியானம், எல்லோரும் தூக்குவாளியைத் திறந்த நேரத்தில், தங்கப்பாண்டியன் சாப்பாட்டு இடத்தின் நடுவில் போய் விறைப்பாக நின்றார். சட்டைப் பித்தானை எல்லாம் போட்டிருந்தார். வேலை போனாலும் போகட்டும் என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றார். "எனக்குக் காது கேக்காது."

இருபத்து நாலு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். ஒருத்தி ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

"அண்ணாச்சி" என்றாள் முனீஸ்வரி, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, அவருக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி. "இதச் சொல்லுததுக்கா இஸ்திரி போட்ட சட்டை?"

சிரிப்பு கிளம்பியது. அவர் சிரிக்காமல் நிற்பதைப் பார்த்து முனீஸ்வரியே மற்றவர்களை அடக்கினாள். "நீங்க வேலைக்குச் சேந்த ரெண்டாவது வாரமே தெரியும். மொதலாளிதான் வந்து சொன்னாரு, பட்டாளத்துல காதக் குடுத்துட்டு வந்த மனுசன், முகத்தப் பாத்துப் பேசுங்க, கேலி பண்ணாதீங்கன்னு. கேலி பண்ணாம இருக்க நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்."

"எனக்கு மட்டும் யாரும் சொல்லல" என்றான் பொன்னுராஜ் ஓரத்திலிருந்து. "ஒரு வருசமா கத்திக் கத்தி என் தொண்டதான் போச்சு."

தங்கப்பாண்டியன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சூப்பர்வைசர் குரலை வரவழைத்துக்கொண்டு உத்தரவு போட்டார். இனி அவர் முன்னால் யாரும் மாஸ்க்கை இறக்கக் கூடாது. சொல்ல வேண்டியதைக் கையால் சொல்ல வேண்டும். நூல் அறுந்தால் இரண்டு விரல், பீம் தீர்ந்தால் முஷ்டி, அவசரம் என்றால் தலைக்கு மேலே கை. பொன்னுராஜ் ட்ராலியின் முன்பக்கம் சுழலுகிற சிவப்பு விளக்கு ஒன்றைக் கட்ட வேண்டும். விளக்கின் வெளிச்சம் சுவரில் பட்டாலே தான் ஒதுங்கிவிடுவதாக அவர் வாக்குக் கொடுத்தார்.

அந்த வாரம் அட்டையில் இருபது, இருபத்தொன்று, இருபத்து மூன்று என்று ஏறியது. அல்ஃபியா அதைச் சேதுபதி ஐயாவிடம் கொண்டுபோய் வைத்து, கண் படம் தோற்ற கதையையும் எண்ணினவரால் எண்ணிக்கை மாறின கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். "இத அப்படியே ஒரு அத்தியாயமா எழுது" என்றார். "விடுதிக்கு விடுதி முடிவு. ஷெட்டுக்கு ஷெட்டு முடிவு. ரெண்டையும் கட்டி ஒரே சாக்குல போடாத." 'மனிதர்கள்' என்ற வார்த்தையை அவளே அடித்துவிட்டாள். அடித்தபோது வருத்தமே வரவில்லை என்று அத்தாவிடம் சொன்னாளாம்.

ஆனால் அந்த இருபத்து நாலாவது ஆள் அசையவில்லை.

"வெளக்கு ஷெட்டுக்குள்ளதான சுத்துது" என்றாள் வெள்ளத்தாய். "ரோட்டுல லாரிக்காரன் வெளக்கு கட்டிக்கிட்டா வாரான்? காதுக்கு மிசின் வாங்கி மாட்டுங்க. நீங்க மாட்டுத அன்னைக்கு நானும் மாட்டுதேன்."

"மிசின் மாட்டிக்கிட்டு ஊருக்குள்ள எப்படிட்டி நடப்பேன்? கெழவன்னு நெனைப்பானுக."

"அப்ப நானும் மாட்டல."

பட்டாளத்துப் பிடிவாதமும் மம்சாபுரத்துப் பிடிவாதமும் பத்து நாள் மோதிப் பார்த்தன. பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஷெட்டுக்குப் போடுகிற அதே இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "கெளம்பு" என்றார் தங்கப்பாண்டியன். எங்கே என்று அவளும் கேட்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மாடியில் இருந்தது அந்தக் காது பரிசோதனைக் கடை. ஐயாதுரை என்ற ஒல்லியான மனிதர் அவரைச் சுவரைப் பார்க்க உட்காரவைத்து, கம்பி கம்பியாக என்னவெல்லாமோ மாட்டிச் சோதித்தார். கடைசியில் அவரைக்காய் விதை அளவுக்கு இருந்த ஒன்றைக் காதுக்குள் பொருத்தினார். ஏறிவந்த களைப்பில் வெள்ளத்தாய் அவருக்குப் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள்.

மெஷின் உயிர்பெற்றது. மின்விசிறி கரகரத்தது. தெருவில் பஸ் ஹாரன் காதைக் குத்தியது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். இவ்வளவு சத்தம் இருக்கிற உலகத்திலா இத்தனை நாள் இருந்தோம் என்று தங்கப்பாண்டியன் மிரண்டு போனார்.

"அக்கா, நீங்க பின்னால நின்னுக்கிட்டே ஏதாவது பேசுங்க" என்றார் ஐயாதுரை. "முகத்தைப் பாக்காம கேக்குதான்னு பாப்போம்."

வெள்ளத்தாய்க்கு வெட்கம். என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றாள்.

"சார், மிசின்ல ஒரு கோளாறு இருக்கு" என்றார் தங்கப்பாண்டியன். "விசில் மாதிரி ஒரு சத்தம் வருது. வருது, நிக்குது, வருது."

சரியாகப் பொருந்தாவிட்டால் அப்படி வரும் என்று சொல்லி ஐயாதுரை அதை எடுத்து மறுபடி பொருத்தினார். ஒரு திருகைத் திருப்பினார். ஒலியைக் குறைத்தார். தன் காதைப் பக்கத்தில் கொண்டுவந்து கேட்டார். "மெஷின்ல சத்தம் இல்லையே அண்ணாச்சி."

"இருக்கு சார். மெல்லிசா, கீச்சுன்னு. பின்னால இருந்து வருது."

ஐயாதுரை திரும்பி வெள்ளத்தாயைப் பார்த்தார்.

"வெள்ளத்தாயி" என்றார் தங்கப்பாண்டியன், திரும்பாமல். "செத்த நேரம் மூச்ச நிப்பாட்டு."

அவள் நிறுத்தினாள். விசில் நின்றது.

"விடு."

அவள் விட்டாள். கீச்சென்று அது மறுபடியும் வந்தது. இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று. எத்தனை மாதமோ, ஒரே வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே, கைக்கெட்டுகிற தூரத்தில் அந்தச் சத்தம் இருந்திருக்கிறது. அவள் இருமுவதை அவர் பார்த்திருக்கிறார். ஒரு நாளும் கேட்டதில்லை. சுவரில் ஒட்டியிருந்த காதுப் படம் அவர் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிந்தது. மீசை நடுங்கியது. அதை அவள் பார்த்துவிடக் கூடாது என்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, மிசினு சரியில்லையா?" என்று கேட்டாள் அவள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் தங்கப்பாண்டியன். "நாளைக்கு மாஸ்க் போடுதியா?"

"போடுதேன்" என்றாள் வெள்ளத்தாய், அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து, மெதுவாக.

அது அவருக்குக் கேட்டது.